வந்து சேரும் தொடக்கமும் புறப்பட்டுச் செல்லும் தொடக்கமும்

வாசகர் எழுதும் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிற் கேட்கப்பட்ட ஆங்கிலச் சொல்லின் பொருள் நுட்பத்தை ஆராய்வதே இப்பகுதியில் எமது வழக்கம். இவ்வாரம் அவ்வழக்கத்தினின்றும் சிறிது விலகுகின்றோம். எமது வீட்டு விறாந்தையில் அமர்ந்து மாணவன் ஒருவன் சொன்ன செய்தியே இவ்வாரக் கட்டுரைக்குக் காரணமாயிற்று. அதைக் கேட்ட நாள்முதலாக எமது சிவப்பு மைப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் எமது கை சற்றுத் தயங்குகின்றது.

அம்மாணவன் உயர்தர வகுப்பிற் பயில்பவன்; ஆங்கிலத்தில் ஆர்வம் மிக்கவன். சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவிலே ஆங்கிலத்தில் வரவேற்புரை நிகழ்த்தும் பொறுப்பு அவனிடம் ஒப்படைக்கப்பட்டது. உரையைத் தானே எழுதி, திருத்தித் தருமாறு எம்மிடம் கொணர்ந்தான். முதல் வாக்கியத்திலேயே ஒரு பிழை இருந்தது. முதற்கண் யாவரையும் வரவேற்பதாகச் சொல்ல விரும்பியவன், ‘அட் தி அவுட்செட்’ என எழுதவேண்டிய இடத்தில் ‘அட் தி ஒன்செட்’ என எழுதியிருந்தான். நாம் ‘ஒன்’ என்பதை வெட்டி, அதன் மேலே ‘அவுட்’ என எழுதினோம். “தம்பி, இது பிழை; இப்படித்தான் வரும்” என்றோம். அவன் தலையசைத்தான். விழா இனிதே நடந்தேறியது. அத்தோடு அச்சொல்லை நாம் மறந்துவிட்டோம்.

கடந்த விடுமுறையில் அவன் தன் தாத்தாவோடும் அம்மம்மாவோடும் தென்பகுதியிலுள்ள சின்னம்மா வீட்டுக்குச் சென்றிருந்தான். சித்தப்பா அலுவல் காரணமாக வெளியூர் போயிருந்தார். ஒருநாள் விடியற்காலை ஐந்து மணி. அயலிலுள்ள விகாரையின் ஒலிபெருக்கியிற் பிரித் ஓதத் தொடங்கிய வேளை. முகங் கழுவச் சென்ற தாத்தாவின் வலக்கையிலிருந்து செம்பு நழுவி விழுந்தது. எடுக்க முயன்றார், விரல்கள் இணங்கவில்லை. வாய் ஒருபுறமாகச் சற்றுக் கோணியது, பேச்சுக் குழறியது. வாயுப் பிடிப்பு என எண்ணிய அம்மம்மா கைக்குத் தைலம் தேய்த்தார். சற்று உறங்கினாற் சுகமாகும் என்று படுக்கவைத்தார். சுகமாகவில்லை. சின்னம்மா கைக்குழந்தைக்காரி. ஆதலால் ஏழு மணிக்கு அம்மம்மாவும் பேரனும் முச்சக்கர வண்டியொன்றில் அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, ஏழேமுக்காலுக்கு வைத்தியசாலையை அடைந்தனர்.

அங்கு கடமையிலிருந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. பேரனுக்குச் சிங்களம் வராது. அம்மம்மாவுக்குத் தமிழன்றி வேறொன்றும் வராது. ஆங்கிலமே பாலமாயிற்று. நோயாளியைப் பார்த்த கணமே பாரிசவாதம் என ஐயுற்ற அவ்வம்மையார், ‘ஒன்செட்’ எத்தனை மணிக்கு என்று ஆங்கிலத்தில் வினவினார். எம் மாணவன் தயக்கமின்றி “ஏழு மணி” என்றான். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

“டொக்டர் என்னடா கேட்டவ?” என்றார் அம்மம்மா.

“எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள் எண்டு கேட்டவ. ஏழு எண்டு சொன்னன்.”

“வெளிக்கிட்டது ஏழு மணிதான். செம்பு விழுந்தது பிரித் சொல்லத் தொடங்கேக்கையெல்லோ! அதைச் சொன்னனியோ?”

பேரன் அதையும் ஆங்கிலத்திற் சொன்னான். வைத்தியரின் முகம் மாறிற்று. எழுதிய ஏழை வெட்டிவிட்டு ஐந்து என எழுதினார். அதன்பின் அவ்விடத்தில் யாவரும் நடக்கவில்லை. ஓடினர் என்றே அவன் கூறினான்.

ஏன் ஓடினர் என்பதை வாசகர் அறிதல் நன்று. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயில் அடைப்பு ஏற்படுவதால் வரும் பாரிசவாதத்துக்கு அவ்வடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு. நோய் தொடங்கி 3 மணித்தியாலங்களுக்குள் அதனைக் கொடுத்தாற் பயன் உண்டு என்பதை 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அவ்வெல்லையை 4½ மணித்தியாலமாக நீட்டலாம் என்பதை 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. மூளைக்குள்ளே குருதி கசிந்ததால் வந்த வாதமாயின் அம்மருந்து கேடு செய்யும். ஆகவே முதலில் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தல் வேண்டும். காலம் கடந்தபின் கொடுத்தால் நன்மை குன்ற, குருதி கசியும் ஆபத்து மேலோங்கும். நவீனப் படப்பிடிப்பு முறைகளின் துணைகொண்டு, தெரிந்தெடுத்த சில நோயாளருக்கு அதற்குப் பின்னரும் சிகிச்சை அளிக்க இன்று வழியுண்டு. எனினும் முந்துவதே நன்று என்னும் விதி மாறவில்லை.

மாணவன் முதலிற் சொன்ன கணக்கின்படி, பதினொன்றரை மணிவரை காலம் இருந்தது. உண்மைக் கணக்கின்படி ஒன்பதரை மணியோடு வாயில் மூடிவிடும். இடையிலிருந்த இரண்டு மணித்தியாலமும் ஒரு சொல்லின் விலை. பரிசோதனைகள் விரைந்து முடிந்தன. உரிய காலத்துள் மருந்து ஏறிற்று. தாத்தா இன்று கைத்தடியோடு முற்றத்தில் உலாவுகின்றார்.

இவ்வளவையும் கூறி முடித்தபின் அவன் சொன்ன சொல்தான் எம்மைத் தைத்தது. “ஐயா, என்னுடைய உரையில் ‘ஒன்செட்’ என்று எழுதியிருந்ததை நீங்கள் ‘அவுட்செட்’ என்று திருத்தினீர்கள். இரண்டும் ஒரே சொல்தான், ‘அவுட்செட்’ என்பதே சரியான வடிவம் என்று நான் நினைத்திருந்தேன். டொக்டர் ‘ஒன்செட்’ என்று கேட்டதும், பிழையான வடிவத்தைச் சொல்லுகிறார் என்று எண்ணிக்கொண்டு புறப்பட்ட நேரத்தைச் சொன்னேன்.”

அவனிடம் குறை காண எமக்கு வாயில்லை. பிழையை வெட்டிய நாம் பொருளைச் சொல்லவில்லை. ஒரு சொல்லை அடித்து மற்றொன்றை எழுதியபோது, அடிபட்ட சொல்லுக்கும் ஓர் உயிர் உண்டு, அதற்கும் உரிய இடம் ஒன்று உண்டு என்பதைக் கூறாது விட்டோம். அக்கடனை இன்று தீர்க்க முயல்கின்றோம்.

இரு சொற்களின் உடலும் எளியவை. இரண்டிலும் ‘செட்’ என்பது பொது. வைத்தல், அமைத்தல் முதலிய பல பொருள்களைத் தரும் வினை அது. முன்னே நிற்கும் சிறு சொற்களே வேறு. ‘ஒன்’ என்பது ஒன்றின் மேலே படுவதைக் குறிக்கும்; ‘அவுட்’ என்பது வெளியே செல்வதைக் குறிக்கும். ஆகவே ‘ஒன்செட்’ என்பது மேல் வந்து விழுதல். ‘அவுட்செட்’ என்பது வெளியே அடி எடுத்து வைத்தல். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால் மீதி யாவும் தாமே விளங்கும்.

‘ஒன்செட்’ ஆங்கிலத்திற் புகுந்தது 16ஆம் நூற்றாண்டில். அன்று அதன் பொருள் படையெடுத்துத் தாக்குதல் என்பதாகும். பகைவர் ஒருவர் மேலொருவர் பாயும் அந்த முதல் மோதலையே அது குறித்தது. 1755இல் வெளியான சாமுவேல் ஜோன்சனின் அகராதியும் தாக்குதல் என்னும் பொருளையே முதலிடத்தில் வைத்தது. ஒருவனைச் சூழ்ந்து தாக்குவதை ‘செட் அப்பொன்’ என்று ஆங்கிலேயர் இன்றும் சொல்லுவர். நாளடைவில் அச்சொல்லின் வாளும் வேலும் மறைந்தன. ஆயினும் தாக்குதலின் சாயல் மறையவில்லை. குளிர்காலம், பஞ்சம், காய்ச்சல், முதுமை என நம்மைக் கேளாமலே நம்மேல் வந்து சேர்பவற்றின் தொடக்கம் ‘ஒன்செட்’ ஆயிற்று.

‘அவுட்செட்’ என்பது தொடக்கம் என்னும் பொருளில் வழக்கூன்றியது 18ஆம் நூற்றாண்டில். பயணம் புறப்படுதலே அதன் அடிப்படை. வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கும் மனிதனை அச்சொல்லிற் காணலாம். பின்னர் அது கூட்டம், உரை, ஆட்டம், தொழில், ஆராய்ச்சி என, ஒரு வழியே சென்று ஒரு முடிவை அடையும் எதற்கும் உரியதாயிற்று.

எமது மாணவர் இவ்விரண்டையும் மயங்குவதற்குத் தமிழிலும் ஒரு காரணம் உண்டு. ‘தொடங்கு’ என்னும் ஒரே வினை நமக்கு இரு பக்கமும் உதவுகின்றது. ‘மழை தொடங்கியது’ என்கின்றோம். ‘வேலையைத் தொடங்கினான்’ என்றும் சொல்கின்றோம். முன்னையதில் மழை தானே வந்தது. பின்னையதில் மனிதன் முனைந்து செய்தான். வினை ஒன்றாயிருப்பதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆயினும் தமிழ்ப் பேச்சு அவ்வேறுபாட்டை அறியாததன்று. நம் வீட்டுப் பெரியோர் பேசுவதைக் கூர்ந்து கேட்டுப் பாருங்கள். “மழை பிடித்துக்கொண்டது” என்பார்கள். “காய்ச்சல் கண்டது” என்பார்கள். “குளிர் பிடித்தது” என்பார்கள். பிடிப்பதும் காண்பதும் மழையின் செயலும் நோயின் செயலுமே, மனிதன் பிடிபடுகின்றான். இவை யாவும் ‘ஒன்செட்’ என்பதன் தமிழ் முகங்கள். மறுபுறத்தில், விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்து ஏடு தொடக்குகின்றோம். கட்டடத்துக்கு நாட்பார்த்துக் கால்கோள் செய்கின்றோம். கடிதத்தின் தலைப்பிற் பிள்ளையார் சுழி இடுகின்றோம். இவை யாவும் நாம் மனமுவந்து அடியெடுத்து வைக்கும் தொடக்கங்கள். ‘அவுட்செட்’ என்பதன் உலகத்தைச் சேர்ந்தவை.

வன்னிக் கமக்காரனின் வாழ்வில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும். மாரி வந்து விழுவது ‘ஒன்செட்’. அதை நம்பிப் பெரும்போக விதைப்புக்கு அவன் கலப்பையோடு வயலில் இறங்கும் வேளை அவனது உழைப்பின் ‘அவுட்செட்’. முன்னையதை அவன் அழைத்தாலும் வராது. பின்னையதை அவன் செய்யாவிடின் ஆவதில்லை.

இனி ‘ஒன்செட்’ வழங்கும் துறைகளைப் பார்ப்போம். முதலாவது வானிலை. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியப் பெருநிலத்திற் கேரளக் கரையில் வந்து சேருவதை அந்நாட்டு வானிலைத் துறையினர் ‘ஒன்செட்’ என்றே அறிவிக்கின்றனர். வழமையான நாள் யூன் 1. ஒரு நாள் தூறினாற் போதாது. மே 10ஆம் திகதிக்குப் பின், குறிப்பிட்ட 14 நிலையங்களுள் 60 வீதமானவற்றில் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு 2.5 மில்லிமீற்றருக்குக் குறையாத மழை பதிவாதல் வேண்டும். காற்றைப் பற்றிய நிபந்தனைகள் முதலியனவும் நிறைவுறல் வேண்டும். அதன்பின்னரே பருவம் வந்து சேர்ந்ததாகச் சொல்வர். வருவது இயற்கை, வந்ததென்று துணிவது மட்டுமே மனிதன் செய்வது.

இரண்டாவது மருத்துவம். பிரசவ வலி கண்டதற்கும், நெஞ்சுவலி எழுந்ததற்கும், காய்ச்சல் பிடித்ததற்கும் வைத்தியர் இச்சொல்லையே ஆளுவர். நம் நாட்டில் டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களில் இது மிகவும் வேண்டற்பாலது. அந்நோயின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் நோயின் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் வரும். காய்ச்சல் தணியும் வேளையிலும் அது வரக்கூடும். இந்நாட்கணக்கு காய்ச்சல் கண்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. வைத்தியரிடம் முதன்முதலாகச் சென்ற நாளிலிருந்து எண்ணி விடை சொல்வோர் பலர். எம் மாணவன் மணியிற் செய்த பிழையை அவர்கள் நாளிற் செய்கின்றனர்.

‘ஏர்லி ஒன்செட்’ என்னும் தொடரிலும் ஒரு மயக்கம் உண்டு. அல்சைமர் என்னும் மறதிநோய் 65 வயதுக்கு முன்னரே ஒருவரைப் பற்றினால் அதனை அத்தொடராற் குறிப்பர். அலோயிஸ் அல்சைமர் 1901இல் பிராங்பேட் நகரிற் பார்த்து, 1906இல் அறிஞரவையில் எடுத்துரைத்த முதல் நோயாளி, அவரிடம் வந்தபோது 51 வயதான பெண்மணி. இத்தொடர் நோய் ‘ஆரம்ப நிலையில்’ இருக்கின்றது என்று பொருள்படாது. வாழ்நாளின் முற்பகுதியிலேயே நோய் வந்துவிட்டது என்பதே பொருள். அப்படி வந்த நோய் முற்றிய நிலையிலும் இருக்கலாம். இதனை அறியாத குடும்பத்தார், ஆரம்ப நிலைதானே என ஆறுதல் கொள்ளல் கூடும்.

இலக்கணப் பக்கத்திலும் இரண்டும் வெவ்வேறு குணமுடையவை. ‘ஒன்செட்’ தாராளமாக உலாவும் சொல். சடுதியான ஒன்செட், மெதுவான ஒன்செட் என அடைமொழி ஏற்கும். அதனைத் தாமதப்படுத்தலாம், தடுக்கலாம், முன்கூட்டியே அறியலாம். எதன் தொடக்கம் என்பதையும் அதற்குப் பின் கூறிவிடுதல் வேண்டும். காய்ச்சலின், மாரியின், முதுமையின் என்றவாறு பொருளொன்று அதனோடு ஒட்டி நிற்கும்.

‘அவுட்செட்’ வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத சொல். ‘அட் தி அவுட்செட்’, ‘ஃப்ரொம் தி அவுட்செட்’ என்னும் இரண்டு தொடர்களுக்குள்ளேயே அதன் வாழ்வு பெரும்பாலும் கழிகின்றது. முன்னையது தொடக்கத்தில் அல்லது முதற்கண் எனப் பொருள்படும். பின்னையது தொடக்கத்திலிருந்தே எனப் பொருள்படும். எதன் தொடக்கம் என்று கூறாமலும் அது தனித்து நிற்கும். ஆதலாலேயே மேடைப் பேச்சாளர் பலர் அதனை விரும்புகின்றனர்; அவ்விடத்தில் ‘ஒன்செட்’ என்று சொல்லி இடறுகின்றனர். அதன் பழம் பொருளை அறிந்தவர் சபையில் இருந்தால், பேச்சாளர் தாக்குதலோடு வரவேற்கின்றாரோ எனத் தம்முள் நகைப்பர்.

ஒரே மனிதன் ஒரே பயணத்தில் இரண்டையும் அனுபவித்த கதையொன்று உண்டு. அதனை மனத்திற் கொண்டால் மறவாது. 1831ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் திகதி, பீகிள் என்னும் கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் துறையிலிருந்து புறப்பட்டது. அதில் இருந்தார் 22 வயதான சாள்ஸ் டார்வின். அதற்கு முன்னர் இருமுறை புறப்பட்டும் கடும் புயல் அக்கப்பலைத் துறைக்கே திருப்பியிருந்தது. கப்பல் கரையை நீங்கிய அவ்வேளை பயணத்தின் ‘அவுட்செட்’. சிறிது தூரம் செல்லுமுன்னரே அவரைக் கடற்காய்ச்சலென நம்மவர் சொல்லும் தலைசுற்றும் வாந்தியும் பற்றிக்கொண்டன. அது ‘ஒன்செட்’. பயணம் அவர் தேடிச் சென்றது; பிணி அவரைத் தேடி வந்தது. 1836 ஒக்ரோபர் 2இல் கப்பல் பல்மத் துறைக்கு மீளும்வரை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் அலை பெருகிய போதெல்லாம் அப்பிணி அவரை விட்டபாடில்லை. தேடிச் சென்ற பயணமோ உயிரினங்களின் தோற்றம் பற்றிய உலகின் எண்ணத்தையே மாற்றியது.

எனின், ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு சொற்களும் பொருந்துமோ என வாசகர் வினவலாம். பொருந்தும், அங்கேதான் இச்சொற்களின் நுட்பம் முழுவதும் வெளிப்படுகின்றது. 1939ஆம் ஆண்டு செப்ரெம்பர் 1ஆம் திகதி ஜேர்மன் படைகள் போலந்தினுள் நுழைந்தன. அப்போரின் போக்கை முதலிலிருந்து முடிவுவரை வரிசையாகச் சொல்லப் புகும் வரலாற்றாசிரியர், ‘போரின் அவுட்செட்டில்’ என எழுதுவார். அவர் கண்முன் ஆறாண்டுப் பாதை ஒன்று நீண்டு கிடக்கின்றது. அதன் முதலடியை அவர் குறிக்கின்றார். விடியலில் குண்டோசை கேட்டு விழித்த போலந்துக் குடியானவனுக்கு அது ‘ஒன்செட்’. அவன் எந்தப் பாதையிலும் அடியெடுத்து வைக்கவில்லை; போர் அவன் கூரைமேல் வந்து விழுந்தது. யாருடைய இடத்தில் நின்று பேசுகின்றோம் என்பதைச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னுமொரு குறிப்பு. ‘ஒன்செட்’ பெரும்பாலும் விரும்பாதவற்றுக்கே வருமாயினும், தீமை அதன் இலக்கணமன்று. மாரியின் வரவைக் கமக்காரன் கும்பிட்டு வரவேற்கின்றான். இளமைப் பருவத்தின் வரவும் அச்சொல்லாலேயே கூறப்படும். நம் ஏவலின்றி வருதலே அதன் அடையாளம். நல்லதோ தீயதோ என்பது வந்த பொருளைப் பொறுத்தது.

மாணவர்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள ஐந்து வாக்கியங்களைத் தருகின்றோம். ‘தொடக்கம்’ வரும் இடங்களில் எச்சொல் பொருந்தும் என எழுதிப் பார்க்கவும்; எழுதி முடிக்கும்வரை விடையைப் பார்த்தல் ஆகாது.

1. இவ்வாண்டு மாரியின் தொடக்கம் தாமதமாயிற்று.
2. கூட்டத்தின் தொடக்கத்திலேயே தலைவர் நேர எல்லையை அறிவித்தார்.
3. காய்ச்சலின் தொடக்கத்திலிருந்து இன்று நான்காம் நாள்.
4. அவ்வியாபாரம் தொடக்கத்திலிருந்தே நட்டத்தில் நடந்தது.
5. உணவையும் உடற்பயிற்சியையும் பேணுவோர் நீரிழிவின் தொடக்கத்தைத் தள்ளிப்போடலாம்.

முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது ஆகியவற்றுக்கு ‘ஒன்செட்’. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் ‘அவுட்செட்’. மூன்றாவதில் தடுமாறியோர், ‘காய்ச்சல் கண்டது’ எனச் சொல்லிப் பார்த்தால் ஐயம் நீங்கும். பிடித்தது, கண்டது, வந்தது எனத் தமிழிற் சொல்லக்கூடியதாயின் ‘ஒன்செட்’. புறப்பட்டோம், அடியெடுத்து வைத்தோம் எனச் சொல்லக்கூடியதாயின் ‘அவுட்செட்’. பெரும்பாலான இடங்களில் இவ்வளவு போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை சோர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்றைச் சடுதியாகக் கண்டாலும் முதலிற் கடிகாரத்தைப் பாருங்கள். அந்நேரத்தைத் தாளிற் குறியுங்கள். தைலம் தேய்த்துப் பார்த்துக் காலத்தைக் கழிக்க வேண்டாம். விழுங்குதல் பழுதுபட்டிருக்கக்கூடும் ஆதலால் தேநீரோ மருந்தோ பருகக் கொடுக்கவும் வேண்டாம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நம் நாட்டில் நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். உறக்கத்தினின்றும் எழும்போதே நோய் இருந்ததாயின், கடைசியாக எத்தனை மணிக்குச் சுகமாயிருந்தார் என்பதைச் சொல்லுங்கள். வைத்தியர் அதிலிருந்தே கணக்கிடுவர். பிள்ளை மொழிபெயர்ப்பவனாக நிற்கும்போது, வினாவைத் தமிழில் உரக்கச் சொல்லச் சொல்லி நீங்களும் கேளுங்கள். ஆங்கிலம் அறியாத அம்மம்மாவே அன்று பிழையைக் கண்டுபிடித்தவர் என்பதை மறவாதிருங்கள்.

எம்மோடொத்த ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அதனை எமக்கே முதலிற் சொல்லிக்கொள்கின்றோம். கொப்பியிற் பிழை கண்டவிடத்து வெட்டுதல் எளிது. வெட்டிய சொல் எங்கே வாழும், எழுதிய சொல் எங்கே வாழும் என்று இரண்டு வரி கூறுதலுக்கு ஒரு நிமிடம் செல்லும். அன்று அந்த ஒரு நிமிடத்தை நாம் மிச்சம் பிடித்தோம். அது பல மாதங்களுக்குப் பின்னர், தொலைவிலுள்ள வைத்தியசாலை வாயிலில், ஒரு முதியவரின் கணக்கில் இரண்டு மணித்தியாலப் பிழையாகச் சென்று சேர்ந்தது.

விடைபெற்று எழுந்த மாணவனிடம், “தாத்தாவை நாங்கள் விசாரித்ததாகச் சொல்லு, தம்பி” என்றோம். “சொல்லுகிறேன், ஐயா. அம்மம்மா ஒன்று கேட்கச் சொன்னவ” என்றான். என்னவென்று வினவினோம். “அந்த இரண்டு சொல்லையும் தனக்கும் எழுதித் தரச் சொன்னவ. அடுத்தமுறை தானே டொக்டரோடு கதைக்கப் போகிறாவாம்.”

தமிழெழுத்தில் இரண்டையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பொருளையும் எழுதிக் கொடுத்தனுப்பினோம். இம்முறை எதையும் வெட்டவில்லை.